மயிலையின் மடி

சம்பூர்ப் பக்கத்துச் சனங்கள் யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடியபோது மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் ஓடினார்கள். கட்டிவைத்துவிட்டுப் போனால் தண்ணீரில்லாமல் செத்துப்போகும், அவிழ்த்துவிட்டால் காட்டிலாவது பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணம். சோபனாவும் புருஷன் தவராசாவும் அப்படித்தான் போனார்கள். கட்டைபறிச்சான் முகாமில் தகரக் கொட்டிலுக்குள் வருஷக்கணக்காக வெந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வளவு பற்றைக்காடாகக் கிடந்தது. மாடுகளில் ஒன்றுகூட இல்லை.

மீளக் குடியேறியவர்களுக்கு ஒரு நிறுவனம் ஆளுக்கொரு பசு கொடுத்தது. சோபனாவுக்குக் கிடைத்தது சாம்பல் நிறக் கிடாரி. மயிலை என்று பெயர் வைத்தாள். மற்றவர்களுக்குக் கிடைத்த மாடுகள் சில விற்கப்பட்டன, சில செத்தன. மயிலை மட்டும் ஈன்றுகொண்டே இருந்தது, அதுவும் பெரும்பாலும் நாகுகள், பெண் கன்றுகள். அவை வளர்ந்து தாங்களும் ஈன்றன. வீடு கட்டி முடிக்கும் முன்பே பட்டி நிறைந்துவிட்டது. கறவையில் மட்டும் ஏழு நின்றன.

தவராசா மேசன்மாரோடு கூலி வேலைக்குப் போவான். பட்டி முழுக்க முழுக்கச் சோபனாவின் பொறுப்பு. கறப்பதை அவள் வேறு யாரிடமும் விட்டதில்லை. மயிலையிடம்தான் முதலில் குந்துவாள். மூத்தவள், பாலும் கூட. மயிலைக்கு முதலில் மடி துடைத்துக் கறந்தால்தான் மற்றவை ஒழுங்காக நிற்கும் என்பது அவளுடைய நம்பிக்கை. தோளில் ஒரு துணி, விரலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய். ஒரு மாட்டிலிருந்து எழும்பி அடுத்த மாட்டடியில் குந்தும்போது கழுவாத கை வாளி விளிம்பைப் பிடித்தபடியே போகும்.

பால் மூதூருக்குப் போகும். அங்கே சந்தைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த அன்ஸார்தான் அவளிடம் முதலில் பால் எடுத்த மனிதர். இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களின் பாலை யாரும் நம்பி வாங்காத நாளில், ஒரு போத்தலைக் குடித்துப் பார்த்துவிட்டு நாளையிலிருந்து கொண்டுவரச் சொன்னார். அதன் பிறகு ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. அண்ணன் என்ற உரிமையில் அவரை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கே அவருடைய தாயார் ஜெமீலா சாய்மனைக் கதிரையில் படுத்தபடி போகிறவர் வருகிறவரை விசாரித்துக்கொண்டிருப்பார். சீனி வருத்தம் முற்றி, சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியிருந்தது. சோபனா பால் கொண்டுவரும் நாட்களில் உள்ளே கூப்பிட்டு, "மகள்" என்று கையைப் பிடித்து இருத்திக் கதைப்பார். சோபனாவின் தாய் முகாமிலேயே இறந்துபோனாள். அந்தக் கையைச் சட்டென்று விடுவித்துக்கொண்டு எழும்ப அவளுக்கு மனம் வராது.

மாரி முடிந்து பனி இறங்கிய நாட்களில் ஒரு காலை மயிலை உதைத்தது. ஒருபோதும் உதைக்காத மாடு. சோபனா மடியைத் தடவிப் பார்த்தாள். பின்பக்கத்து இடது காம்பின் மேல் மடி கல்லாக இறுகிக் கொதித்தது. அந்தக் காம்பில் பால் வரவில்லை. மஞ்சள் தண்ணீரும், திரிந்த பாலில் மிதக்கிற மாதிரிக் கட்டிகளும்தான் வந்தன. மடிநோயை அவள் முன்பும் கண்டிருக்கிறாள். மஞ்சளும் கற்றாழையும் அரைத்துப் பூசினாள். வீக்கம் வடியாததால் மூதூர் பாமசியில் கேட்டு, காம்புத் துவாரத்துக்குள் பீச்சுகிற மருந்துக் குழாய்கள் வாங்கிவந்து போட்டாள். இரண்டு மூன்று தரம் போட்டதும் சூடு தணிந்து பால் வெள்ளையாக வந்தது. மிச்சக் குழாய்களை இன்னொரு தேவைக்கென்று அலுமாரிக்குள் வைத்தாள். மாடு சுகம் என்றுதான் நினைத்தாள். யார்தான் நினைக்கமாட்டார்கள்?

அதே நாட்களில் அவளுடைய வலது கைச் சுட்டுவிரலும் பழுதாகி இருந்தது. வேலி முட்கம்பி கிழித்த காயம். ஆறுவதும் சீழ் பிடிப்பதுமாக இழுத்துக்கொண்டு போனது. பகலில் சீலைத்துண்டு சுற்றியிருப்பாள். கறக்கும்போது அது இடைஞ்சலாக இருக்குமென்று கழற்றிவிடுவாள்.

பிறகு மற்ற மாடுகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் வற்றின. வீக்கமில்லை, உதைக்கவில்லை, தீனியில் குறையில்லை. வாளி மட்டும் நிறையவில்லை. புல் காய்ந்துவிட்டது, அதுதான் காரணம் என்று தவராசா சொன்னான். அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் அன்ஸார், தகப்பனாரின் ஆண்டு நினைவுக்குக் குர்ஆன் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுக்கப்போவதாகச் சொன்னார். வருகிறவர்களுக்கு பலூடா கரைக்கவேண்டும், வழமையைவிடக் கனக்கப் பால் தேவை என்றார். அவரிடம் ஏலாது என்று சொல்வது சோபனாவுக்கு நினைத்தும் பார்க்கமுடியாத விஷயம். பின்னேரப் பாலை எப்போதும் கன்றுகளுக்கே விடுவாள். கத்தத்துக்கு முதல் நாள் அதையும் கறந்தாள். வீட்டில் இருந்த சின்னப் பிரிட்ஜுக்குள் பால் கான் புகாது. தண்ணீர்த் தொட்டிக்குள் கானை இறக்கி, மேலே ஈரச் சாக்குப் போட்டு விடியும்வரை வைத்தாள். காற்றே இல்லாத புழுக்கம். காலைப் பாலோடு அதைச் சேர்த்து வடித்தபோது துணியில் மணல் மாதிரி வெள்ளைப் பொடிகள் தங்கின. எடுத்து மணந்து பார்த்தாள். பால் மணம்தான். பாலைக் காய்ச்சத்தானே போகிறார்கள் என்று துணியை உதறிவிட்டுக் கானை மூடினாள்.

அன்ஸார் வீட்டில் பெரிய கிடாரத்தில் பால் காய்ந்தது. பொங்கப் பொங்க இறக்கி இறக்கிக் காய்ச்சினார்கள். ஆறியதும் சீனியும் கசகசாவும் சிவப்புப் பாணியும் ஐஸும் சேர்த்துக் கரைத்தார்கள். சோபனாவுக்கு மரக்கறிச் சாப்பாடு தனியாக வைத்திருந்தார்கள். சாப்பிட்டு எழும்பியவளை ஜெமீலா தன் பக்கத்தில் இருத்தி, ஒரு கிளாஸை அவளுடைய கையில் திணித்தார். இன்னொன்றை, மகன் வேண்டாம் என்று தலையாட்டியதையும் பாராமல், தானே எடுத்துக் குடித்தார்.

தவராசாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் சோபனாவுக்கு வயிற்றைப் பிரட்டியது. நிறுத்தச் சொல்லி இறங்குவதற்குள் வாந்தி வந்தது. வீதியோரத்தில் குந்தியிருந்து குடலே வெளியே வருகிற மாதிரி எடுத்தாள். வெயிலுக்காக்கும் என்று தவராசா தண்ணீர் ஊற்றினான். வாந்தி நின்ற இடைவெளியில் அவனுடைய தொலைபேசி அடித்தது. அன்ஸாரின் தம்பி பேசினான். சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் விழுந்துகொண்டிருக்கிறார்கள், ஆசுபத்திரிக்கு ஏற்றுகிறோம், சோபனாவுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டான்.

ஆசுபத்திரி விறாந்தையிலும் பாய் போட்டு ஆட்களைக் கிடத்தியிருந்தார்கள். சேலைன் போத்தல்களை யன்னல் கம்பிகளில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சோபனாவும் அங்கேதான் ஒரு மூலையில் கிடந்தாள். பக்கத்தில் கிடந்த பெண்கள் இறைச்சியில் பிழையோ, ஐஸில் பிழையோ என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். சோபனா இறைச்சி சாப்பிடவில்லை. அவள் குடித்தது அந்த ஒரு கிளாஸ் மட்டும்தான்.

அடுத்த நாள் விடிய, வெளிறிப்போன முகங்களோடு எல்லாரும் எழும்பி வீட்டுக்குப் போனார்கள். ஜெமீலா எழும்பவில்லை. பழுதான சிறுநீரகத்தால் அந்த வாந்தியைத் தாங்க ஏலாமல் போய்விட்டது. அம்புலன்ஸில் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாரம் முடியுமுன்பு மௌத்தானார்.

சாவீட்டுக்குப் போகவேண்டாம், ஆட்கள் என்ன மனநிலையில் இருப்பார்களோ என்று தவராசா தடுத்தான். சோபனா போனாள். பெண்கள் நிறைந்த உள்வீட்டுக்குள் காலெடுத்து வைக்க அவளால் முடியவில்லை. படலைக்கு வெளியே மதிலோடு நின்றாள். ஜனாஸாவை அடக்கிவிட்டுத் திரும்பிய அன்ஸார் அவளைக் கண்டு பக்கத்தில் வந்தார். கண் வீங்கியிருந்தது.

"பாலைக் காய்ச்சினது எங்கட வீட்டிலதான், தங்கச்சி. மூணு தரம் பொங்கின. என்ட கண்ணால கண்டன். என்ன நடந்ததெண்டு எனக்கு விளங்கல்ல."

"எனக்கும் விளங்கேல்லை, நானா" என்றாள் அவள். அது உண்மைதான். ஆனால் சொல்லும்போதே வடிதுணியில் கண்ட வெள்ளைப் பொடி அவளுடைய கண்ணுக்கு முன் நின்றது.

விளங்கவைக்க வந்தவர் ஷாமிலா என்ற இளம் மிருக வைத்தியர். மிஞ்சிக் கிடந்த பலூடாவைச் சுகாதாரப் பரிசோதகர் எடுத்து அனுப்பியிருந்தார். அதைத் தொடர்ந்து பட்டியைப் பார்க்க டொக்டர் வந்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் நாலு கிண்ணங்கள் இருந்தன. ஒவ்வொரு காம்பிலிருந்தும் ஒவ்வொன்றில் பால் பீச்சி, ஊதா நிற மருந்தை ஊற்றி ஆட்டினார். நல்ல பால் தண்ணீராகவே ஓடும், நோய்ப் பால் கூழாகித் திரளும் என்றார். மயிலையின் பாலில் இரண்டு கிண்ணங்கள் முட்டை வெண்கருபோல இறுகின. அடுத்த மாட்டிலும் ஒன்று இறுகியது. அதற்கடுத்ததிலும். ஏழு மாடுகளில் ஒன்றின் தட்டுக்கூட நாலு கிண்ணமும் தண்ணீராக ஓடவில்லை. வெளியே பார்க்க எல்லா மடியும் பட்டுப்போல மெத்தென்றுதான் இருந்தது.

"எந்த மாட்டை முதல் கறக்கிறீங்க, அக்கா?" என்று டொக்டர் கேட்டார்.

"மயிலையைத்தான், டொக்டர்."

"மடி துடைக்கிற துணி?"

"ஒண்டுதான். ஒவ்வொரு நாளும் தோய்க்கிறனான்."

டொக்டர் அவளுடைய கையைப் பிடித்து, விரலில் சுற்றியிருந்த சீலையை அவிழ்த்துப் பார்த்தார். காயத்திலிருந்தும் மூக்குத் துவாரத்திலிருந்தும் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்து, பால் மாதிரிகளோடு சேர்த்துக் கொண்டுபோனார்.

முடிவு வந்தது. ஸ்டெஃபிலோகொக்கஸ் என்ற கிருமி. மடியில் இருந்தது, காயத்தில் இருந்தது, மூக்கில் இருந்தது, மிஞ்சிய பலூடாவில் அது விட்ட நஞ்சு இருந்தது. டொக்டர் பட்டிக்குப் பக்கத்தில் பூவரச நிழலில் நின்றபடி நிதானமாக விளங்கப்படுத்தினார். இந்தக் கிருமி மனிசர் தோலிலும் மாட்டுத் தோலிலும் சும்மா கிடக்கும். கறக்கிற கையிலும் துணியிலும் ஏறி ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போகும். மடிக்குள் புகுந்தால் தசைக்குள் பதுங்கிக்கொள்ளும், மருந்து அங்கே போய்ச் சேராது. அரைகுறையாக மருந்து போட்டால் இன்னும் மோசம். பால் சூட்டில் கிடந்தால் பெருகி நஞ்சு விடும். காய்ச்சினால் கிருமிதான் சாகும், நஞ்சு சாகாது.

சோபனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "மயிலையிலயிருந்து எனக்கு வந்ததோ, என்னிலயிருந்து மயிலைக்குப் போனதோ?"

அதைச் சொல்ல ஏலாது என்றார் டொக்டர். சொன்னாலும் இனி ஆகப்போவது ஒன்றில்லை என்றார்.

விஷயம் மூதூருக்கு அவளுக்கு முன்பே போய்விட்டது. கத்தத்தன்று விட்டுவந்த பால் கானை, கழுவித் துடைத்து, கடைப் பெடியன் ஒருவனிடம் கொடுத்தனுப்பியிருந்தார் அன்ஸார். ஒரு வார்த்தை சொல்லிவிடவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று சோபனாவுக்குப் பட்டது.

டொக்டர் சொன்ன யோசனை ஒன்றுதான். ஏழு மாட்டையும் பட்டியிலிருந்து எடுக்கவேண்டும். விற்பதென்றால் இறைச்சிக்கு மட்டும், அதுவும் மருந்து போட்ட மாடென்றால் அது உடம்பிலிருந்து போகும்வரை காத்திருந்து. வேறு பட்டிக்குப் போகக்கூடாது. இன்னும் கறவைக்கு வராத இரண்டு கிடாரிகளை வைத்திருக்கலாம். விற்கும்வரை ஏழு மாட்டையும் கறந்து பாலை ஊற்றிவிடவேண்டும். கறக்காமல் விட்டால் மடி வெடிக்கிற மாதிரி வீங்கும். கன்றுகளுக்கும் அந்தப் பாலைக் கொடுக்கவேண்டாம்.

வளவின் கடைசியில் தவராசா கிடங்கு வெட்டினான். காலையில் சோபனா கையுறை போட்டுக் கறந்து, ஒவ்வொரு மாட்டுக்கும் வேறு துணி பிடித்து, வாளியைக் கொண்டுபோய்க் கிடங்கில் கவிழ்ப்பாள். மேலே சுண்ணாம்பு போடுவாள். தனியாகக் கட்டியிருந்த கன்றுகள் பால் மணத்துக்குக் கயிற்றை இழுத்துக் கத்தும். அவற்றுக்கு மாப்பாலைக் கரைத்துக் கொடுத்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும். பசியில் கொஞ்சம் குடிக்கும், பிறகு வயிற்றால் கழியும். ஒன்று மெலிந்து மெலிந்து ஒரு காலை விறைத்துக் கிடந்தது. அதையும் கிடங்குக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

நஸ்ரி என்ற மாட்டு வியாபாரி வந்தது அந்த நாட்களில்தான். கிண்ணியாவிலிருந்து கிளிவெட்டி வரை பட்டி பட்டியாகப் போய் வருகிறவன். மாடுகளைச் சுற்றி வந்து, மயிலையின் முதுகில் தட்டிக்கொடுத்து, இதுகளை இறைச்சிக்குக் கொடுப்பது பாவம் என்றான். கிளிவெட்டியில் கலியாணம் முடித்துப் புதிதாகப் பட்டி போடுகிற ஒரு சோடி கறவை தேடுவதாகவும், மூன்று நாலை அங்கே தள்ளிவிடலாம் என்றும் சொன்னான்.

"பாக்க நல்லாத்தானே இருக்கு. மடிக்குள்ள ஆர் போய்ப் பாக்கப்போறாங்க?"

நாளை பதில் சொல்வதாக அவனை அனுப்பிவிட்டுத் தவராசா குசினிக்குள் வந்தான். அவனுக்கு ஆசை வந்துவிட்டது தெரிந்தது. சோபனா அடுப்பைப் பார்த்தபடி, ஏலாது என்றாள்.

"எங்களுக்கும் உலகம் நீதி பாத்தோ செய்தது?" என்றான் அவன். "இருந்த மாடெல்லாம் போய் வெறுங்கையோட வந்தனாங்கள். திரும்பவும் வெறுங்கையோ? நல்லவையா இருக்கிறதுக்கு எங்களிட்ட என்ன கிடக்கு, சோபனா?"

"குடுத்தா அந்தப் பட்டியும் இப்பிடித்தான் போகும். அவையின்ர வீட்டிலயும் ஆரும் வயசு போனதுகள் இருக்கும். அதுகளும் பால் குடிக்கும்."

அவன் கோபத்தோடு எழும்பிப் போனான். ஆனால் மறுநாள் நஸ்ரி வந்தபோது, இறைச்சிக்கென்றால் கொண்டுபோ, இல்லையென்றால் விடு என்று தவராசாவே சொன்னான். டொக்டரையும் கூப்பிட்டு அவருக்கு முன்னாலேயே கொடுத்தான். காதில் அடையாளம் போட்டுவிட்டார்கள், பிறகு வேறெங்கும் விற்கமுடியாதபடி.

ஊரில் கதை வேறு மாதிரி ஓடியது. வளர்த்த மாட்டை வெட்டக் கொடுத்த வீடு என்று சொன்னார்கள். கோயிலில் பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி சேலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். நோயைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள் சோபனா. மருந்து போட்டால் மாறாத மடிநோய் உண்டா என்று திருப்பிக் கேட்டார்கள். இரண்டொரு வீட்டில் மட்டும் சத்தமில்லாமல் டொக்டரைக் கூப்பிட்டுத் தங்கள் மாடுகளைச் சோதித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

ஆறு மாடுகள் மிஞ்சிய கன்றுகளோடு ஒரே லொறியில் போயின. மயிலைக்கு டொக்டர் கடைசியாக ஒருமுறை முழு மருந்தும் போட்டுப் பார்த்திருந்தார், அதனால் அது சில வாரம் பிந்தியது. தட்டில் திரும்பவும் கூழ்தான் திரண்டது. கிடாரிகள் இரண்டையும் வேறாகக் கட்டியிருந்தார்கள். வெறும் பட்டியில் மயிலை தனியே நின்று, ஒவ்வொரு பின்னேரமும் படலையைப் பார்த்துக் கத்தும். சோபனா பக்கத்தில் போய் நிற்பாள், கையை வைக்கமாட்டாள். கை வைப்பதற்கே அவளுக்குப் பயமாகிவிட்டது.

லொறி வந்த காலை மயிலை பலகையில் ஏற மறுத்தது. நஸ்ரியின் ஆட்கள் வாலை முறுக்கினார்கள். சோபனா அவர்களை விலகச் சொன்னாள். கயிற்றைத் தான் வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினாள். மயிலை மறுபேச்சில்லாமல் பின்னால் ஏறிவந்தது. கட்டிவிட்டு இறங்கியவள் நேரே கிணற்றடிக்குப் போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். லொறியின் சத்தம் இல்லாமல்போய் வெகுநேரமாகியும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தவராசா வந்து வாளியைப் பறித்துத் தூர வைத்தான்.

அவளுடைய விரல் குளிசை விழுங்கி ஆறியது. மூக்குக்குள் பூச ஒரு மருந்து கொடுத்தார்கள், சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. விட்டுவைத்த கிடாரிகள் இரண்டும் அடுத்த வருஷம் ஈன்றன. டொக்டர் தட்டோடு வந்தார். ஒன்றின் பால் நாலு கிண்ணத்திலும் தண்ணீராக ஓடியது. மற்றதில் ஒரு கிண்ணத்தின் அடியில் மெல்லிய ஆடை மாதிரி ஒன்று இழுபட்டது. இன்னொருமுறை பார்ப்போம் என்று சொல்லி டொக்டர் திரும்பவும் சோதித்தார், இன்னும் தடிப்பாக இழுபட்டது. மயிலையோடு ஒரே பட்டியில் நின்ற நாட்களில் ஈ கொண்டுவந்திருக்கலாம் என்றார். சோபனா அதைக் கொடுத்துவிட யாரையும் கேட்கவில்லை. நஸ்ரிக்குத் தானே தொலைபேசி எடுத்தாள்.

இப்போது ஒரு மாடு நிற்கிறது. பால் வீட்டுக்கு மட்டும். கறந்த கையோடு காய்ச்சித் தவராசா தேத்தண்ணி போட்டுக் குடிப்பான். சோபனா வெறும் தேத்தண்ணிதான். காலையில் மாட்டு வேலை முடிந்ததும் மிளகாய்த் தோட்டங்களுக்குப் பழம் பிடுங்கும் கூலிக்குப் போகிறாள்.

மூதூர்ச் சந்தையில் சில வேளை அன்ஸாரைக் காண்பாள். கடையில் இப்போது பால்மாப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. அவர் நின்று, "சுகமா தங்கச்சி?" என்று கேட்பார். ஓம் என்பாள். தவராசாவைப் பற்றி, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் பால் கேட்பதில்லை, அவள் தருகிறேன் என்று சொல்வதுமில்லை. பை கனக்கிறதா, பஸ்வரைக்கும் ஆளைத் தூக்கிவரச் சொல்லவா என்று கேட்பார். வேண்டாம் நானா என்று சொல்லிவிட்டு, சனத்துக்குள்ளால் தரிப்பிடத்தை நோக்கி நடப்பாள்.